வயதில் மூத்தவரிடம் வேலைக் குறையை எப்படிச் சொல்வது?

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் மூன்று ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். எனக்கு வயது 28. இரவு ஷிப்டில் இருக்கும் மூத்த டெக்னீஷியனை நான் அண்ணன் என்றுதான் அழைப்பேன். காலையில் இயந்திரங்களை ஒப்படைக்கும்போது, இரவில் செய்த மாற்றங்களை அவர் குறிப்பேட்டில் முழுமையாக எழுதுவதில்லை. சென்ற வாரம் இதைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் குறிப்பிட்டேன். அன்றிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதே வாரத்தில் என் மேலாளர், “உங்கள் அறிக்கைகள் தெளிவாக இல்லை” என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்களுடைய இரண்டு வருத்தங்களுக்கும் வேர் ஒன்றே. குறிப்பேட்டைப் பற்றிச் சொன்னதை அவர் தம்மைப் பற்றிச் சொன்னதாகக் கேட்டார். அறிக்கையைப் பற்றிச் சொன்னதை நீங்கள் உங்களைப் பற்றியதாகக் கேட்டீர்கள். 1996-ஆம் ஆண்டு ஆவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிய கருத்து ஒருவருடைய செயல்திறனை எப்படி மாற்றுகிறது என்று அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது என்றாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறன் முன்பைவிடக் குறைந்திருந்தது. கேட்பவரின் கவனம் செய்யும் வேலையிலிருந்து விலகித் ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பத் திரும்ப, கருத்தின் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆகவே, முதலில் அந்தப் புலனச் செய்தியைச் சரிசெய்யுங்கள். சொன்ன விஷயம் சரியாக இருக்கலாம். சொன்ன இடம் தவறு. இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போகும் மனிதர், தம் மகள் வயதுள்ள ஒருவர் இருபது பேர் முன்னிலையில் தம் குறையை எழுதியிருப்பதை பஸ்ஸில் அமர்ந்து படிக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு பண்டகக் காப்பாளரைக் கூட்டத்தில் வைத்துத் திருத்தினேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சரக்கு தீரப் போகிறது என்று முன்கூட்டியே வந்து சொல்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டார். அந்த மௌனத்தின் விலையை நாங்கள் பல மாதங்கள் கொடுத்தோம்.

தனியாகச் சந்தியுங்கள். ஷிப்ட் முடிந்து அவர் பஸ்ஸுக்கு விரையும் நேரம் வேண்டாம். இரவு ஷிப்ட் தொடங்குவதற்கு முன் கேண்டீனில் பத்து நிமிடம் போதும். “அண்ணே, அதைக் குழுவில் எழுதியிருக்கக் கூடாது, உங்களிடம் நேராக வந்து சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி நிறுத்துங்கள். ‘ஆனால்’ என்று தொடர்ந்தால் மன்னிப்பு கரைந்துவிடும். அவர் பதில் சொன்ன பிறகு விஷயத்துக்கு வாருங்கள். சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமெரிக்கப் பயிற்சி நிறுவனம் கற்றுத்தரும் முறையில் மூன்றே படிகள்: சூழல், செயல், விளைவு. உங்கள் வாயில் அது இப்படி வரலாம்: “செவ்வாய்க்கிழமை காலை இரண்டாம் எண் இயந்திரத்தில் நாஸல் மாற்றியது குறிப்பேட்டில் இல்லை அண்ணே. காரணம் தெரியாமல் நாங்கள் 40 நிமிடம் தேடினோம்.” ‘நீங்கள் எப்போதும் இப்படித்தான்’ என்பதும் ‘கொஞ்சம் பொறுப்போடு இருங்கள்’ என்பதும் இந்தப் பேச்சில் வரவே கூடாது, ஏனெனில் அவை இரண்டும் ஆளைத்தான் அளக்கின்றன.

புகழ்ச்சிக்கு நடுவே குறையை ஒளித்துச் சொல்லும்படி பலர் அறிவுரை தருவார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வயதும் அனுபவமும் உள்ளவர் முதல் புகழ்ச்சியிலேயே ஏதோ வரப்போகிறது என்று உணர்ந்துவிடுவார். பிறகு நீங்கள் உண்மையாகவே பாராட்டும் நாளிலும் அதை நம்ப மாட்டார்.

மரியாதை கருதி ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசிவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தமிழிலேயே பேசுங்கள் என்பேன். அண்ணே என்ற சொல் உங்கள் வாயை அடைப்பதாக நீங்கள் அஞ்சலாம். என் அனுபவத்தில், உறவை முறிக்காமல் திருத்தம் சொல்ல அந்தச் சொல்லே இடம் தருகிறது. தமிழ் அறியாத சக ஊழியர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தவிருங்கள். தங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்களோ என்று அவர்கள் எண்ணக்கூடும்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. ஆபத்தான நிலையில் இயந்திரம் ஓடாமல் தடுக்கும் பாதுகாப்பு இண்டர்லாக்கைத் துண்டித்து வைத்துவிட்டு எழுதாமல் போயிருந்தால், கேண்டீன் பேச்சுக்கு நேரம் பார்க்காமல் உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, தம் பாதுகாப்பிலும் பிறர் பாதுகாப்பிலும் தக்க கவனம் செலுத்தும் கடமையை ஒவ்வொரு தொழிலாளிக்கும் விதிக்கிறது.

பேச்சின் இறுதியில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: “மாலையில் நாங்கள் உங்களுக்கு ஒப்படைக்கும்போது என்ன குறை இருக்கிறது அண்ணே?” நிச்சயம் ஏதாவது சொல்வார். அதற்கு விளக்கம் தராமல் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மேலாளரின் சொல்லைக் கேட்பதற்கு அதுவே நல்ல பயிற்சி. ‘தெளிவாக இல்லை’ என்பது முழுமையான கருத்து அன்று, அதை நீங்கள்தான் முழுமையாக்கிக்கொள்ள வேண்டும். கண் கலங்கியதற்கு வெட்கப்பட வேண்டாம். அந்த நேரத்தில் “யோசித்துவிட்டு நாளை வருகிறேன்” என்று சொன்னால் போதும். மறுநாள் கடைசி இரண்டு அறிக்கைகளை எடுத்துக்கொண்டு போய், எந்தப் பத்தியில் அவர் தடுக்கினார் என்று காட்டச் சொல்லுங்கள். முடிவு முதலில் வர வேண்டுமா, அட்டவணை குழப்புகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். அடுத்த அறிக்கையைக் கொடுக்கும்போது எதை மாற்றினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

அண்ணன் குறிப்பேட்டை முழுமையாக எழுதத் தொடங்கி, அதனால் ஒரு காலையில் லைன் தாமதமின்றி ஓடினால், அந்தச் செய்தியை அதே புலனக் குழுவில் அவர் பெயரோடு எழுதுங்கள்.