நீட்டிய தட்டும் சொன்ன மறுப்பும்

கேள்வி: நான் கிறிஸ்தவப் பெண். ஆயுத பூசையன்று அலுவலகத் தோழி பொரியும் சுண்டலும் வைத்த தட்டை நீட்டினார். படைத்ததை நான் உண்பதில்லை, "வேண்டாம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "எல்லாச் சாமியும் ஒன்றுதானே?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். என் நம்பிக்கையில் உறுதியாக இருப்பது பிறர் சமயத்தை அவமதிப்பதாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆகாது, சகோதரி. எல்லாம் ஒன்றே என்பதும் ஒரு நம்பிக்கைதான். அதை ஏற்றால்தான் நல்லிணக்கம் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். அவர் திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடம் கேட்ட சிவபக்தர். அதுவோ சமணக் காப்பியம். அந்நூலில் மயங்கியிருந்த சோழ மன்னனைச் சிவன்பால் திருப்பவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று சைவ மரபு சொல்லும். அத்தகைய சூழலில் வளர்ந்தவர், நச்சினார்க்கினியர் உரையைக் கொண்டும் தெளியாத சமணக் கருத்துகளை அறிய, உள்ளூர்ச் சமணர்களைத் தேடிச் சென்றார். அவர் போன வீட்டில் தோரணம் கட்டிக் கோலமிட்டிருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டார். மாதக்கணக்கில் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவு பெற்றதைத்தான் கொண்டாடினார்களாம்! தமக்கு ஆராய்ச்சிப் பொருளாயிருந்த ஏடு, அந்த வீட்டில் வழிபாட்டுக்குரியதாக இருந்ததைக் கண்டு அவர் வியந்ததைத் தன்வரலாற்றில் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். சமணக் கொள்கையைச் சமணரிடமே கேட்டு, அவர்கள் கொள்ளும் பொருளிலேயே விளங்கிக்கொண்டு, 1887இல் நூலைப் பதிப்பித்தார். அதனால் அவருடைய சிவபக்தி குறையவில்லை.

படைத்ததை உண்பதா வேண்டாமா என்பது உங்கள் மனச்சான்றுக்கு உரியது. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அன்போடு நீண்ட கைக்கு "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல் போதாது. உங்கள் தோழி வாடியது உங்கள் சமயத்தை எண்ணியன்று, தம்மையே ஒதுக்கிவிட்டீர்கள் என்று எண்ணித்தான் என நினைக்கிறேன். ஆகவே பலர் நடுவில் அல்லாமல், உணவு இடைவேளையில் தனியே அமர்ந்து, எதனால் உண்பதில்லை என்பதையும், அவர் நினைத்துக் கொண்டுவந்தது உங்களுக்கு மகிழ்ச்சி என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பூசை அவர் வீட்டில் எப்படி நடக்கும் என்றும் கேளுங்கள். குறுக்கே உங்கள் கருத்தைச் சொல்லாமல் முழுவதும் கேளுங்கள். மற்றவர்களோடு வாதிட வேண்டியதில்லை. அவர்களும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள்.

டிசம்பரில் நீங்கள் கேக் கொண்டு போவீர்கள். முட்டை சேர்ந்தது என்றோ, விரதம் என்றோ அவர் மறுக்கக்கூடும். அதற்காக இப்போதே மனத்தில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.