நீல் தீவும் நாள்காட்டியும்

வணக்கம். நீல் தீவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இந்த டிசம்பர் விடுமுறைக்கு அந்தமான் என்று வீட்டில் முடிவு செய்தோம். நானும் கணவரும், 11 வயது, 6 வயதுப் பையன்கள், 68 வயது மாமியார். நீல் தீவில் ஒரு பகலும் ஒரு இரவும். ஏஜென்ட் அனுப்பிய திட்டம்: 10 மணிக்குக் கண்ணாடித் தளப் படகு, 11 மணிக்குக் கடலில் மிதந்தபடி பவளம் பார்ப்பது, 12 மணிக்கு இயற்கைப் பாலம் என்ற கடலோரப் பாறை வளைவு, சாப்பாட்டுக்குப் பின் சீதாபூர் கடற்கரை, 4 மணிக்கு ஜெட் ஸ்கீ, 5.30க்கு லட்சுமண்பூரில் சூரிய அஸ்தமனம். மாமியாருக்கு மூட்டுவலி. "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். இந்தத் திட்டம் சரிவருமா?
ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

சரிவராது. திட்டத்தை எழுதியவர் கடலையும் பார்க்கவில்லை, சூரியனையும் பார்க்கவில்லை.

சூரியனை முதலில் சொல்கிறேன். நம் கடிகாரமும் அந்தமான் கடிகாரமும் ஒன்று. ஆனால் சென்னை ஏறக்குறைய 80 பாகைத் தீர்க்கரேகையில் இருக்கிறது, நீல் தீவு 93இல். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், பொழுது அங்கே நமக்கு 50 நிமிடம் முந்திவிடுகிறது. டிசம்பரில் ஐந்து மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். 5.30க்குப் போனால் லட்சுமண்பூரில் நீங்கள் பார்க்கப்போவது வெறும் சிவப்பு வானம். நான்கு மணிக்கே போய் உட்காருங்கள். ஜெட் ஸ்கீ வேண்டாம். தண்ணீரில் வேகமாகப் போகும் ஆசையை முட்டுக்காட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

பெரிய பிழை காலையில் இருக்கிறது. கண்ணாடித் தளப் படகு பவளப்பாறையின் மேலே மிதந்து போக வேண்டும், அதற்குக் கடல் ஏறியிருக்க வேண்டும். இயற்கைப் பாலத்துக்குப் போகும் வழியோ கடல் வற்றினால்தான் திறக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். இரண்டையும் இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒன்றை அரைகுறையாகத்தான் பார்ப்பீர்கள்.

மெரினாவில் வளர்ந்த நமக்கு இது உறைப்பதில்லை. சென்னைக் கரையில் கடல் மிக அதிகமாக ஏறி இறங்கும் நாளிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான். கரையும் சரிவானது, அலை எப்போதும் அதே இடத்தில் அடிப்பதுபோலவே இருக்கும். அந்தமானில் அந்த வேறுபாடு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீல் தீவைச் சுற்றிப் பாறைத் தளம் தட்டையாகக் கிடப்பதால், தண்ணீர் இறங்கும்போது கடல் எழுந்து வெகுதூரம் நடந்து போய்விட்டதுபோல் இருக்கும். அதன் அடியில் இருந்தவை எல்லாம் குட்டைகளில் தங்கிவிடும்.

எந்த நாளில் எவ்வளவு வற்றும் என்பதற்கு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த இரண்டு நாட்கள்: கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அட்டமி நவமியில் நாம் நல்ல காரியம் தொடங்குவதில்லை. கடலும் அந்த நாட்களில் அடங்கித்தான் ஏறி இறங்கும், பாலத்தடியில் குட்டைகள் சரியாகத் தெரியாது. அப்படி அமைந்தால் பாலத்தை விட்டுவிட்டுப் படகை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும், நாளுக்கு இரண்டு வற்றத்தில் ஒன்று இருட்டில் போய்விடலாம். அதனால் முந்தின நாளே தங்குமிடத்தில் கேளுங்கள். படகோட்டிகளுக்கு இது மனப்பாடம்.

உங்கள் வீட்டில் திதி தெரிந்தவர் யார்? உங்கள் மாமியாராகத்தான் இருப்பார். அன்றைய நாளைத் தீர்மானிக்க வேண்டியவரை நாம் பைக்குக் காவல் வைக்கிறோம்.

இதை நான் குற்ற உணர்வோடு எழுதுகிறேன். என் அம்மாவை நீல் தீவுக்கு அழைத்துப் போனபோது எங்களிடமும் இப்படி ஒரு திட்டம் இருந்தது. பரத்பூர் கரையில் மரத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் நான்கு பேருடைய கைப்பேசிகள், பக்கத்தில் ஈரத்துணிப் பை. நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் விவரித்தோம். பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. அம்மா தாமாகவே எழுந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் நீரில் நடந்து போய் ஒரு குட்டையின் ஓரத்தில் குந்தினார். என் மகள் பொறுக்கி வைத்திருந்த சங்கு ஒன்றை வாங்கிப் பார்த்தார். அதன் வாயிலிருந்து மயிரிழைபோல் இரண்டு உணர்கொம்புகள் நீண்டன, பிறகு ஒரு கால், பிறகு நீலம் பாய்ந்த சிறிய கொடுக்கு. காலிச் சங்கில் குடியிருக்கும் நண்டு அது. அம்மா அதை மணலில் வைத்தார். அது நின்றது, திரும்பியது, தண்ணீர் இருக்கும் பக்கமாக நடந்தது. "வீட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாயே பாப்பா" என்று மகளிடம் சொன்னார். அந்தப் பயணத்தில் அம்மா கடலைப் பார்த்தது அந்தக் கால் மணி நேரம்தான். முழுப் பகலும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

காலி என்று எடுத்த சங்கில் உயிர் இருந்ததே, அதனால்தான் பையன்களிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்: சங்கு, பவளத் துண்டு எதையும் எடுக்கக் கூடாது. பவளம் கல் அல்ல, சிற்றுயிர்கள் கட்டிய வீடு. செத்த துண்டாக இருந்தாலும் எடுத்து வருவது சட்டப்படி குற்றம். குட்டையில் கடல் அட்டை, நட்சத்திர மீன் கிடக்கும். அருகில் குந்திப் பார்க்கலாம், தொட வேண்டாம்.

இயற்கைப் பாலத்துக்குப் போகும் பாதை வழுக்குப் பாறையும் கூரான பழைய பவளமும் கலந்தது. மூட்டுவலிக்காரருக்கு ஆகாது. கணவரும் பெரியவனும் மட்டும் போய் வரட்டும். நீங்களும் சின்னவனும் மாமியாரும் அதே வற்றத்தில் பரத்பூர் கரையில் இருங்கள். அங்கே மணல் மெல்லச் சரிகிறது, ஆழமில்லை. பைகளைத் தங்குமிடத்து அறையில் பூட்டிவிட்டு வாருங்கள். பையன்களுக்குப் பிடிமானமுள்ள ரப்பர் செருப்பு வாங்கும்போது மாமியார் அளவிலும் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள்.