பார்வோ: ஊசி பழசா, வைரஸ் புதுசா?

வணக்கம் சகோ. திருமங்கலத்தில் உங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு 45 நாளில் ஒரு ஊசி போட்டும், பத்தாவது வாரத்தில் பார்வோ (நாய்களுக்கு வரும் வைரஸ் நோய்) வந்து இறந்துவிட்டது, இது புது ரக வைரஸா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கவே மனசு கனக்கிறது.

வைரஸ் மாறியது உண்மைதான். 1978-ல் உலகெங்கும் பரவிய முதல் ரகத்தை 2ஏ, 2பி, 2சி என்ற பின்னால் வந்த ரகங்கள் ஓரங்கட்டிவிட்டன. ஆனால் இந்த மூன்றையும் பிரிப்பது மேலுறைப் புரதத்தில் 426-ஆம் இடத்திலுள்ள ஒரே அமினோ அமிலம். பழைய ரகத்தில் செய்த ஊசியும் இவற்றுக்குக் கேட்கும்.

சந்தேகம் சீம்பால் மேல்தான். தாயிடமிருந்து அந்தப் பாலில் வந்த எதிர்ப்பொருள் (நோயை எதிர்க்கும் புரதம்) 45 நாளில் மிச்சமிருந்தால் ஊசியை அதுவே முறித்துவிடும். பிறகு அதுவும் வடிந்துபோகும். அந்த இடைவெளியில்தான் குட்டிகள் விழுகின்றன. அதனால் 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒன்றாகப் போட்டு, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும்.

பினாயிலுக்கு இந்த வைரஸ் சாகாது. முதலில் மலம், மண், தெளித்த சாணம் எல்லாம் போகத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடர் 60 கிராம், தண்ணீர் 10 லிட்டர். தெளிந்த நீரைத் தரை, தட்டு, சங்கிலி, செருப்படி எல்லாவற்றிலும் ஊற்றிப் பத்து நிமிடம் ஈரம் காயாமல் விடுங்கள். மண் தரையில் இது எடுபடாது. வேப்பமரத்தடி நிழல் மண்ணில் வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு வருடத்துக்கு, எல்லா ஊசியும் முடித்த நாயை மட்டும் அந்த வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.