வீட்டு வரியும் பள்ளிக்கூடமும்

கேள்வி: அமெரிக்காவில் சொத்து வரியில்தான் பள்ளிகள் நடக்கின்றனவாமே! நாங்கள் ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி எங்கள் ஒன்றியப் பள்ளிக்குப் போகிறதா? வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது.
– வாசகி, கோத்தகிரி

பதில்: அங்கே பள்ளிச் செலவில் ஏறத்தாழ 45 சதவீதம் உள்ளூர் பணம், பெரும்பகுதி சொத்து வரி. வீட்டு மதிப்பு குறைந்த ஊரில் பள்ளியும் இளைத்துவிடும். இங்கும் அப்படியிருந்தால் குன்னூர் பங்களாத் தெருப் பள்ளி செழிக்கும், பந்தலூர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் பிள்ளைகள் தவிப்பார்கள். நல்லவேளை, நம் ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் பணம்.

உங்கள் ரசீதைப் பாருங்கள்: வரி 100 ரூபாய் என்றால் கூடவே 10 ரூபாய் நூலக வரி. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு, பள்ளிக்கல்ல.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியமும் உண்டு. 100-க்கு மேல் 250 வரை மாணவர் இருந்தால் 50,000 ரூபாய். அதில் சுண்ணாம்பு, சாக்பீஸ், கழிப்பறைச் சுத்தம் ஆகும். கூரை மாற்ற முடியாது. மாணவர் குறைந்தால் மானியமும் குறையும்.

கூரைக்குப் பொறுப்பு ஊராட்சி ஒன்றியம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ஒழுகும் இடத்தின் படத்துடன் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் பதிவு செய்யுங்கள். அக்டோபருக்குப் போனால் வடகிழக்கு மழை வந்துவிடும், வேலை நடக்காது.