செட்டிநாட்டில் நாயை எங்கே ஓடவிடுவது?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன்பு பெங்களூரிலிருந்து கானாடுகாத்தானுக்குத் திரும்பி வந்துவிட்டோம். எங்களிடம் மூன்று வயது ஆண் லாப்ரடார் இருக்கிறான், பெயர் ப்ரூனோ. அங்கே கப்பன் பூங்காவில் நாய்களுக்கென்று வேலி போட்ட இடத்தில் வாரம் இரண்டு முறை ஓடவிடுவோம். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. தெருவில் இறங்கினாலே நாலைந்து தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. நாள் முழுக்க வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றிய வளவில் படுத்தே கிடக்கிறான். 39 கிலோ ஆகிவிட்டான். எங்கே கூட்டிப் போகலாம்? ஊரணியில் நீந்தவிடலாமா? என் மாமியார் வேறு, பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது அவனையும் காரில் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறார். போகலாமா?

பதில்: காரைக்குடிப் பக்கம் நாய்ப் பூங்காவைத் தேடி அலைய வேண்டாம். இங்கே இருப்பது பொட்டல், கண்மாய், தோப்பு, தைலமரக் காடு. கப்பன் பூங்காவில் வேலி பார்த்த வேலையை இங்கே ஒரு கயிறு பார்க்க வேண்டும். விரல் தடிமனில் 10 மீட்டர் பருத்திக் கயிறு போதும், கனமாக வேண்டாம். நைலான் வாங்காதீர்கள், நாய் இழுத்த வேகத்தில் உள்ளங்கையை அறுத்துவிடும். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்ப்பட்டையில் மாட்டுங்கள். 39 கிலோ நாய் பத்து மீட்டர் ஓடிக் கயிறு விறைத்து நிற்கும்போது விழும் இழுப்பைக் கழுத்து தாங்காது. இன்னொன்று, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து, “டாக்டர், நாய்க்கு ஒன்றும் இல்லையே?” என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவன் ஓட்டம் இல்லாமல் வாடுகிறான் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ மூக்குக்கு வேலை இல்லாமல்தான் வாடுகிறான் என்று தோன்றுகிறது. மோப்பம் பிடிக்கும் ஏற்பிகள் மனிதருக்கு ஏறக்குறைய 50 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். கயிற்றை நீட்டி விட்டு, அவன் இழுக்கும் திசையில் நீங்கள் மெதுவாகப் பின்னால் போனால் போதும். நாற்பது நிமிடம் செடி செடியாக முகர்ந்துவிட்டு வந்த நாய், பந்தை எறிந்து எறிந்து ஓடவிட்ட நாயைவிட நிம்மதியாகத் தூங்கும்.

சரி, எங்கே போவது? முதல் இடம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் வைப்பது. உங்கள் ஊரில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். பின்பக்கம் ஆளுயர மதில் போட்ட காலி மனையோடு பங்காளி வீடு எதுவும் இருந்தால், அதைவிட நல்ல நாய்ப் பூங்கா இந்த வட்டாரத்தில் கிடைக்காது. சாவி வைத்திருப்பவரிடம் கேட்டால் மட்டும் போதாது. பங்குக்காரர்கள் பத்துப் பேர் இருப்பார்கள், மலேசியாவில் இருப்பவருக்குத்தான் முதலில் கோபம் வரும். எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அவனை விடுவதற்கு முன்னால் அந்த மனையை நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள். மூடி இல்லாத கிணறு இருக்கிறதா? அடுக்கி வைத்த பழைய நாட்டு ஓடு, மரச்சட்டம், செங்கல் குவியல் இருக்கிறதா? பாம்பு தங்கும் இடமே அதுதான். நம் பக்கத்து வறண்ட மண்ணில் சுருட்டை விரியனும் உண்டு. சின்னதுதான், ஓட்டுக்கு அடியில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. வாட்ச்மேன் எலி மருந்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். சீமைக்கருவேல முள்ளைப் பெருக்கித் தள்ளச் சொல்லுங்கள். அது பாதத்தில் ஏறி நுனி ஒடிந்து உள்ளே நின்றால், இரண்டு வாரம் கழித்துச் சீழ் கோத்து நொண்டும்போதுதான் தெரியவரும்.

அடுத்தது கண்மாய். மாசிக்கு மேல் தண்ணீர் வற்றியதும் கரையும் உள்வாயும் நடக்க அருமையான இடம். ஆனால் கயிறு இல்லாமல் வேண்டாம். காரணம் ஆடு. அறுவடை முடிந்ததும் நம் பக்கம் கீதாரிகள் மந்தையோடு வந்து கிடை போடுவார்கள். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு குடும்பம் லாப்ரடார் ஒன்றை வற்றிய கண்மாயில் அவிழ்த்துவிட்டது. கடிக்கத் தெரியாத நாய் அது, விளையாடத்தான் ஓடியது. மந்தை மிரண்டு ஓடியதில் இரண்டு சினை ஆடுகள் குறைமாதத்திலேயே குட்டி வீசிவிட்டன. நான் போனபோது கீதாரி தலைத்துண்டை அவிழ்த்துத் தரையில் போட்டு உட்கார்ந்திருந்தார். “கடிக்கலேன்னு சொல்றாக. ஓடுனதுலயே போச்சே ஐயா” என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நஷ்டத்தைக் கொடுத்துத் தீர்த்தார்கள். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: தன் பொறுப்பில் உள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

தை மாதத்தில் மட்டும் பொட்டல் பக்கம் போகாதீர்கள். சிராவயல் மஞ்சுவிரட்டுச் சமயத்தில் பொட்டலில் அவிழ்த்துவிடும் கட்டுமாடுகள் எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டம் குன்றக்குடி சாலையில் இருக்கும் நாட்களிலும் அப்படித்தான். வெறுங்காலோடு நடப்பவர்கள் நடுவில் 39 கிலோ நாய் தேவையில்லை.

தைலமரக் காட்டில் நிழல் உண்டு, மண் பாதை சுகம். ஆனால் மயில் இருக்கும். மயிலையோ முயலையோ நாய் விரட்டிப் பிடித்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாட்டிக்கொள்வது நீங்கள்தான். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு அவனைக் கூட்டிப்போகும் எண்ணமே வேண்டாம். 1977இல் சரணாலயமான இடம் அது. பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டவர்கள். அந்த ஊருக்குள் குரைக்கும் நாயோடு போய் இறங்க எனக்கு முகம் இல்லை. திருமயம் கோட்டைக்கும் அவனைக் கொண்டுபோக முடியாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களுக்குள், பராமரிப்பு வேலைக்குத் தவிர, பிராணிகளைக் கொண்டுவர விதி இடம் தருவதில்லை.

காரைக்குடியில் கல்லூரி மைதானங்களில் காலை நடை போகிறவர்கள் உண்டு. நாயோடு போவதானால் முன்பே அனுமதி கேளுங்கள். கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து, ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்ட பிறகு, காவலர்கள் எந்த நாயைக் கண்டாலும் பதறுகிறார்கள். பட்டையில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடும், கைப்பேசியில் தடுப்பூசிச் சான்றின் படமும் இருக்கட்டும்.

ஊரணிக்கு வருகிறேன். கூடாது. குடிதண்ணீர் ஊரணியில் நாய் இறங்கினால் ஊரே கூடிவிடும், கூடுவதும் நியாயம்தான். குடிக்காத ஊரணியிலும், தேங்கின குட்டையிலும் எனக்கு வேறு பயம். எலியும் மாடும் சிறுநீர் கழித்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். நாயிடமிருந்து உங்களுக்கும் வரும். அதற்கான தடுப்பூசியை வருஷம் தவறாமல் போட வேண்டும். பச்சையாகப் பாசி மிதக்கும் தண்ணீரை ஒரு வாய்கூட நக்கவிடாதீர்கள். லாப்ரடாருக்குத் தண்ணீர் ஆசை அடங்காது, அது தெரியும். தோட்டத்து பம்ப்செட் தொட்டி இருந்தால் அங்கே விடுங்கள். ஏறி வரப் படி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாதம் ஒருமுறை தொண்டிப் பக்கம் கடற்கரைக்கும் போய் வரலாம். பாக் நீரிணைக் கடல் பெரும்பாலும் அலை அடங்கிக் கிடக்கும், ஆழமும் குறைவு. விடியும்போதே போய்விடுங்கள். வலை காயப் போட்ட இடத்தையும் தூண்டில் முள்ளையும் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, கரையில் வீசியெறிந்த பேத்தை மீன். வலையில் சிக்கினதும் மீனவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதன் விஷம் நாயைக் கொல்லும். வாயில் எதையும் கவ்வவிடாதீர்கள்.

இடத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். பங்குனியிலிருந்து ஆடி வரை காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறேமுக்காலுக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மாலையில் சூரியன் இறங்கினாலும் தார்ச்சாலை இறங்காது. புறங்கையை ஏழு விநாடி சாலையில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அவன் பாதத்தாலும் முடியாது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பு வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். எடை கூடின நாய்க்கு அதுவும் சிரமம். சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். ஒரு சித்திரையில், காலை ஒன்பதரைக்கு, தோப்பில் ஓடிவிட்டு வந்த நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், தெர்மாமீட்டரில் 107. ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது, எச்சில் கயிறாகத் தொங்கியது. பிழைக்கவில்லை. வழியெல்லாம் ஈரத் துண்டைப் போர்த்திக் காரின் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார்கள். போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும், ஏசி இருந்தால் முழு வேகத்தில் போட வேண்டும், அதே நிலையில் மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள். தானாகக் குடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும்.

இப்போது தெருநாய்கள். அவை உங்களை விரட்டவில்லை, புதிதாக வந்தவனை யார் என்று கேட்கின்றன. முதல் ஒரு வாரம் ப்ரூனோ இல்லாமல் நீங்கள் மட்டும் அதே நேரத்துக்கு அதே தெருவில் நடங்கள். உங்களைப் பழகின பிறகு அவனைக் கூட்டிப் போங்கள். உங்கள் ஊர்த் தெருக்கள் அகலமானவை, அது பெரிய வசதி. நேருக்கு நேர் போகாமல் எதிர்ச் சாரியில் வளைந்து போக முடியும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் அவனுக்குப் பயம் தொற்றும், பிறகு குரைப்பான், சண்டை ஆரம்பமாகும். கல்லெடுக்க வேண்டாம், ஓடவும் வேண்டாம். கையில் ஒரு குடை வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே வரும் நாய்க்கு முன்னால் படக்கென்று விரித்தால் பெரும்பாலும் பின்வாங்கும்.

அதையும் மீறி உங்களைக் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ப்ரூனோவைக் கடித்தால், வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும் காயத்தைக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி ஊசி தேவைப்படும்.

நடை முடிந்து வந்ததும் முகப்பிலேயே ஐந்து நிமிடம் அவனைச் சோதியுங்கள். காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில், வால் மூட்டில் உண்ணி இருக்கும். உண்ணிக் காய்ச்சலில் நாய் சோர்ந்து, மூக்கில் ரத்தம் வடிந்த பிறகுதான் இங்கே பலர் கொண்டுவருகிறார்கள். மாட்டுக்கு வாங்கின உண்ணி மருந்தை ‘கொஞ்சமாகத்தான் டாக்டர்’ என்று நாய்க்கு ஊற்றுவது நம் பக்கத்துப் பழக்கம். வலிப்பு வந்து போன நாய்கள் உண்டு. நாயின் எடைக்கு ஏற்ற மாத்திரை இருக்கிறது, அதைக் கொடுங்கள். விரல் இடுக்கில் நெருஞ்சி முள்ளும் காதில் ஊசிப்புல்லும் ஏறியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

வளவில் படுத்தே கிடக்கிறான் என்றீர்களே, அதில் இன்னொரு சந்தேகம் எனக்கு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கோடைக்குக் குளிர்ச்சி, ஆனால் கண்ணாடி மாதிரி வழுக்கும். பெரிய நாய் எழும்போது பின்னங்கால் விலகிச் சறுக்குகிறதா என்று கவனியுங்கள். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். எடையும் கூடினால் எழுந்திருக்கவே யோசிக்கும். அவன் போய்வரும் வழியில் கோரைப்பாயை விரியுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள். அப்படியும் சறுக்கினால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதுவரை பொட்டல் ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

கடைசியாகப் பிள்ளையார்பட்டி. வேண்டாம் என்று மாமியாரிடம் என் பேரைச் சொல்லியே சொல்லுங்கள். வெளியே 30 டிகிரி இருந்தாலே, நிறுத்தி வைத்த கார் அரை மணி நேரத்தில் 45ஐத் தாண்டிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கோயில் வரிசையோ உங்கள் கையில் இல்லை. அவன் வளவிலேயே இருக்கட்டும். திரும்பி வரும்போது கையில் இருக்கும் கொழுக்கட்டைக்குத்தான் முகப்பு வரைக்கும் ஓடி வருவான். கொடுக்காதீர்கள், இப்போதே 39 கிலோ.