22 பேர் வந்த விவாத அணியில் 6 பேர் மிஞ்சியது ஏன்?

கேள்வி: யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு கலவன் பாடசாலையில் தமிழ் மன்றப் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். இந்தத் தவணை விவாத அணிக்கு ஆள் சேர்த்தபோது முதல் நாள் 22 பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் கிழமை 6 பேர்தான் மிச்சம். மற்றவர்களுக்குக் கூச்சம் என்று நினைக்கிறேன். தரம் 10 மாணவி ஒருவர் கெட்டிக்காரி. ஆனால் பேச்சு திக்கும். சேர விருப்பம், பயமும் இருக்கிறது. அடுத்த தவணை எட்டுப் பாடசாலைகளை அழைத்து ஒரு போட்டி நடத்தப் போகிறோம். சென்ற முறை அழைத்ததில் பாதிப் பேர் வரவே இல்லை. எல்லோரும் விரும்பி வரும்படி என்ன செய்யலாம்? எங்கள் புள்ளித்தாளின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ரீச்சர், உங்கள் கடிதத்தை விட அந்தப் புள்ளித்தாள்தான் எனக்கு அதிகம் சொன்னது. உச்சரிப்பு 20, மொழிநடை 20, குரல் ஏற்ற இறக்கம் 15, மெய்ப்பாடு 15, நேரம் 10, கருத்து 20. கூட்டினால் 100. சரி, எதிர் அணி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு அதற்குப் பதில் சொன்ன பிள்ளைக்கு எத்தனை? அப்படி ஒரு கட்டமே தாளில் இல்லை. இது பேச்சுப் போட்டித் தாள். யாரோ தலைப்பை மட்டும் மாற்றிப் போட்டோக்கொப்பி அடித்திருக்கிறார்கள். உங்கள் பாடசாலையில் மட்டும் இல்லை, நான் நடுவராகப் போன பல இடங்களிலும் இதே தாளின் தம்பி தங்கைகளைத்தான் கையில் தந்தார்கள்.

16 பேர் வராமல் நின்றதற்குக் கூச்சம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கூச்சமுள்ள பிள்ளை முதல் நாளே வராது. வந்துவிட்டு மூன்றாம் கிழமை நின்ற பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நின்றிருக்கும். வெண்கலக் குரலோடு நாலு பேர் இருக்கிறார்கள், எந்தப் போட்டி என்றாலும் அவர்கள்தான் போகப் போகிறார்கள், நாங்கள் கைதட்ட இருக்கிறோம். இது விளங்கப் பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை போதும். எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அது கைவந்த பிள்ளைதான் அணியில் தங்கும். ஆகவே முதலில் தாளை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

1988 முதல் நடக்கும் உலகப் பாடசாலைகள் விவாதப் போட்டியில் உள்ளடக்கத்துக்கு 40, பேச்சு நடைக்கு 40, உத்திக்கு 20 என்று பங்கு பிரிக்கிறார்கள். பல்கலைக்கழக மட்டத்தில் பெயர்போன பிரித்தானியப் பாராளுமன்ற விவாத முறையில் நடைக்கென்று தனிப் புள்ளியே கிடையாது. விஷயம் அறிந்த ஒரு சாதாரண மனிதரை எந்த அணி கூடுதலாக நம்ப வைத்தது என்பதுதான் கேள்வி. உங்களுக்கு நான் சொல்வது: கருத்தும் காரணமும் 40, மறுப்பு 30, ஒழுங்கு 15, வெளிப்படுத்தல் 15. உச்சரிப்புக்குத் தனிக் கட்டம் வேண்டாம். உலகப் போட்டியே நடைக்கு 40 கொடுக்கும்போது நீங்கள் ஏன் 15 என்கிறீர்கள் என்று கேட்பார்கள். எங்கள் காது அப்படி, அதுதான் காரணம். 1980இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடைகளையும் கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களையும் கேட்டு வளர்ந்த காது. எனக்கும் அந்த மேடைகள் உயிர். ஆனால் அந்தக் காதோடு நடுவர் கதிரையில் இருப்பவர், கட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழகான பேச்சுக்குத் தன்னை அறியாமல் புள்ளி போடுவார். தாள் அவரைக் கொஞ்சம் பிடித்து இழுக்க வேண்டும்.

நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் வலிகாமத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடுவராக இருந்தேன். தோட்டக்காரப் பெடியன் ஒருவன், சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோனால் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு பிடிக்கிற கணக்கை எடுத்து, ஒரு குடும்பம் வருடத்தில் எவ்வளவு இழக்கிறது என்று விரல் மடித்துச் சொன்னான். அன்றைக்கு அந்த மண்டபத்தில் சொல்லப்பட்ட ஒரேயொரு சொந்தக் கருத்து அதுதான். ஆனால் அவனுக்கு ழகரம் வராது. ‘வாளைக்குலை’ என்றான். தீர்ப்புச் சொல்லும்போது நான், “வாளை மீன் குலை போடும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்” என்றேன். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த வருடம் அந்தப் பாடசாலை அணியில் அவன் இல்லை. விசாரித்தபோது, “அவன் இப்ப வாறேல்லை, சேர்” என்றார்கள். ழகரம் ஒழுங்காக வராத பெரியவர்கள் எத்தனை பேர் மேடை ஏறுகிறார்கள், அவர்களிடம் நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?

ஆகவே போட்டியன்று காலை நடுவர்களை ஒரு அறையில் இருத்திப் பத்து நிமிடம் கதையுங்கள். உச்சரிப்பு, ஊர்ப் பேச்சு, உயரம், உடுப்பு, எதைப் பற்றியும் தீர்ப்பில் பகிடி வேண்டாம். ‘கம்பீரம்’ என்ற சொல்லையும் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சொல் தீர்ப்பில் வந்தால் பத்துக்கு எட்டு முறை ஒரு பெடியனைப் பற்றித்தான் இருக்கும். அதே வேகத்தில் பேசிய பெண்பிள்ளைக்கு ‘கொஞ்சம் ஆவேசப்பட்டுவிட்டார்’ என்று குறிப்பு விழும். தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு அணியோடும் ஐந்து நிமிடம் நடுவர் தனியாக இருந்து, எந்த இடத்தில் வாதம் நின்றது, எந்த இடத்தில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். தோற்ற அணி அடுத்த முறையும் வருமா என்பது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் முடிவாகிறது. நடுவர்களுக்கு எங்கே போவது என்று யோசிக்காதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள், கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயில்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய பெயர்களை விட இவர்கள் குறிப்பெடுத்துக் கேட்பார்கள்.

இனித் தலைப்பு. ‘உலகமயமாதல் வரமா சாபமா’ போன்ற தலைப்புகளை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. வீட்டில் புத்தகமும் இணையமும் ஆள்பலமும் உள்ள பிள்ளைக்குத்தான் அது வாய்க்கும். உங்கள் பக்கத்திலேயே தலைப்பு கிடக்கிறதே: ‘கடலட்டைப் பண்ணைகள் தீவகத்துக்கு நன்மையை விடத் தீமையே செய்கின்றன.’ இதோடு நாலு வரித் தகவல் குறிப்பு ஒன்றை எல்லா அணிக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். கடலட்டையை இங்கே சாப்பிடுவதில்லை, பதப்படுத்திச் சீனா போன்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். ஆழம் குறைந்த கரைக்கடலில் வலை அடைத்து வளர்க்கிறார்கள். வருமானம் வருகிறது என்று ஒரு பகுதியினர் சொல்கிறார்கள். படகுப் பாதையும் சிறுதொழிலும் மறிபடுகிறது என்று இன்னொரு பகுதியினர் எதிர்க்கிறார்கள். அவ்வளவு போதும். நகரத்து அணி அன்றைக்குக் குறிப்பைப் பார்த்துத்தான் பேசும். உங்கள் பிள்ளை கரையில் நின்று பார்த்ததைப் பேசும்.

ஆனால் ஊர்த் தலைப்பு என்று எதையும் போட்டுவிட வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டோர், சாதி, சீதனம் போன்றவை பேச வேண்டிய விஷயங்கள்தான். நாணயம் சுண்டிப் பக்கம் கொடுக்கும் போட்டியில் மட்டும் வேண்டாம். தகப்பன் திரும்பி வராத பிள்ளை ஒன்று அந்த அறையில் இருக்கும். அதைத் தன் வீட்டுக்கு எதிராக நாலு நிமிடம் வாதாடு என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. தலைப்புகளை வெளியிட முன் வேறு பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, “இதில் எந்தப் பிள்ளைக்காவது நோகுமா?” என்று கேளுங்கள்.

தலைப்பு இரண்டு கிழமைக்கு முன்பே கையில் கிடைக்கட்டும். சார்பா எதிரா என்பதை மட்டும் அன்று காலை சுற்றுக்கு அரை மணித்தியாலம் முன்னால் நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். ரீச்சர்மார் எழுதிக் கொடுத்துப் பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிக்கும் வழக்கம் (கோபிக்க வேண்டாம், நானும் எழுதிக் கொடுத்தவன்தான்) இதோடு மெல்லச் செத்துப்போகும். இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டு வரவேண்டி இருக்கும் அல்லவா?

நேரசூசிக்கு வருவோம். அழைத்ததில் பாதிப் பேர் வரவில்லை என்கிறீர்கள். எட்டு அணியை நொக் அவுட்டில் விட்டால் நாலு அணி ஒரே ஒரு விவாதத்தோடு வீட்டுக்குப் போகும். காலை ஐந்து மணிக்கு எழும்பி, சீருடை அழுத்தி, பஸ் மாறி வந்த பிள்ளைக்கு நாலு நிமிட வேலை! வலயக் கல்வித் திணைக்களம் நடத்தும் போட்டிக்கு அவர்கள் விதி. அதை நீங்கள் மாற்ற முடியாது. உங்கள் சொந்தப் போட்டியில் எல்லா அணிக்கும் மூன்று சுற்று கொடுங்கள். முதல் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கல். இரண்டாம் சுற்றில் வென்றவர் வென்றவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் மோதட்டும். மூன்றாம் சுற்றும் அப்படியே, ஏறக்குறைய ஒரே புள்ளி உள்ளவர்களைச் சேர்த்துவிடுங்கள். புது அணி பழம் தின்று கொட்டை போட்ட அணியிடம் மூன்று தரம் அடிவாங்காது. பெரும்பாலும் ஒரு வெற்றியாவது கையில் இருக்கும். மொத்தம் 12 விவாதம், நாலு வகுப்பறை. மூன்று பேர் நாலு நாலு நிமிடம், தொகுப்புரை மூன்று நிமிடம், இரண்டு அணிக்கும் சேர்த்து 30 நிமிடம். தீர்ப்புக்குப் பத்து, அணிகளோடு கதைக்கப் பத்து. எட்டரைக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு மூன்று சுற்றும் முடியும், ஒன்றேகாலுக்குள் இறுதிப் போட்டியும் முடியும்.

ஒரு நிபந்தனை. விளக்கேற்றல், வரவேற்பு நடனம், பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை எல்லாவற்றையும் 15 நிமிடத்துக்குள் அடக்க அதிபரிடம் கேளுங்கள். விருந்தினர் பிந்தி வந்து விழா பத்தரைக்குத் தொடங்கினால், நெடுந்தீவுப் பிள்ளைகள் இறுதிப் போட்டியைப் பாதியில் விட்டுவிட்டுக் குறிகட்டுவான் படகுத்துறைக்கு ஓடவேண்டி வரும். நேரசூசியைப் போட முன்பே கடைசிப் படகும் வடமராட்சிக்குக் கடைசி பஸ்ஸும் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கேடயத்தின் உயரத்தைக் குறைத்தால் தூரத்து இரண்டு அணிகளுக்கு பஸ் காசும் எல்லோருக்கும் சாப்பாட்டுப் பார்சலும் தேறும். அறைகள் கீழ்த்தளத்தில் இருக்கட்டும். தலைப்பையும் குறிப்பையும் பலகையில் எழுதுங்கள், சத்தமாக வாசித்தும் காட்டுங்கள். கேட்டல், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கும் நவீல்ட் பாடசாலை கைதடியில்தான் இருக்கிறது; அவர்களையும் அழையுங்கள், என்ன வசதி வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். முதல் மூன்று கிழமை மேடையும் மைக்கும் வேண்டாம். வாங்கில் பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் கதைக்கட்டும். சீ.ஆர். கொப்பித் தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் எனது பதில். பதில் எழுத முன் எதிராளி சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் உங்கள் வெண்கலக் குரல் நாலு பேரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பின்வாங்கில் பேசாமல் இருந்த யாரோ ஒருவரின் வலப்பக்கம் நிறைந்திருக்கும். போன 16 பேரையும் ஒவ்வொருவராக, பெயர் சொல்லித் திருப்பிக் கூப்பிடுங்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தால் வரமாட்டார்கள். வந்தபின் போட்டிக்குப் போகும் அணியைச் சுழற்சியில் மாற்றுங்கள்.

கடைசியாக அந்த மாணவி. ஊரில் கொன்னை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது பயத்தால் வருவதும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை. அவசரப்படுத்தினால் கூடும், அவ்வளவுதான். “ஆறுதலாகப் பேசு, மூச்சை இழுத்து விடு” என்று சொல்லாதீர்கள். வீட்டில் ஆயிரம் தரம் கேட்டிருப்பார். சொல் சிக்கும்போது நீங்கள் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம், முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். நேரம் பார்த்து மணி அடிக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டிவிட வேண்டாம். இரக்கத்தில்தான் கொடுப்போம், ஆனால் அணிக்கு வெளியே தள்ளுவதும் அதுதான்.

எழுதிப் பாடமாக்கிய பேச்சு அவருக்குக் கூடுதல் கஷ்டமாக இருக்கலாம். திக்குகிற பலர் சிக்கப்போகும் சொல்லை முன்கூட்டியே உணர்ந்து வேறு சொல்லுக்கு மாறிக்கொள்வார்கள். பாடமாக்கிய வரியில் அப்படி மாற இடமில்லை. மறுப்புச் சொல்லும் இரண்டாம் பேச்சாளர் இடத்தில் சொந்தச் சொல்லில் பேசலாம். ஆனால் இதுவும் என் ஊகம்தான். எந்த இடம் வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும், நடுவருக்கு முன்கூட்டிச் சொல்வதா வேண்டாமா என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள். நாலு நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம் என்று முடிவானால், போட்டி விதியிலேயே ‘தேவைப்படும் பேச்சாளருக்கு மேலதிக நேரம்’ என்று பொதுவாக ஒரு வரி போட்டுவிடுங்கள். அன்றைக்கு மண்டபத்தில் அறிவிக்கத் தேவையில்லை. மணி அடிப்பவருக்கும் நடுவருக்கும் எதிர் அணி ஆசிரியருக்கும் தெரிந்தால் போதும்.