பத்து லட்சம் நன்கொடை தந்தால் நிலம் விற்ற வரி குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 63. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். கடந்த ஜனவரி மூன்றாம் வாரத்தில் நகருக்குள் இருந்த என் மனையை 58 லட்சத்துக்கு விற்றுப் பத்திரம் பதிந்தேன். லாபம் 40 லட்சம் வரும் என்கிறார்கள். கடை வாடகையில் செலவு, கழிவு போக ஆண்டுக்கு 8 லட்சம் வருகிறது. தானே புயலில் கூரை பறந்த ஓர் அறக்கட்டளைப் பள்ளிக்கு, மறைந்த என் மனைவி பெயரில் வகுப்பறை கட்ட 10 லட்சம் தர விருப்பம். "பெரிய நன்கொடைகளுக்குச் சிறப்புச் சலுகை, மார்ச் 31 வரைதான்" என்று ஒருவர் அவசரப்படுத்துகிறார். குஜராத் பூகம்பத்தின்போது அப்படி இருந்தது எனக்கும் நினைவிருக்கிறது. உண்மையா?

பதில்: உங்கள் நினைவு சரி. அந்தப் பூகம்ப நிவாரணத்துக்கு 2001 ஜனவரி 26 முதல் செப்டம்பர் 30 வரை அறக்கட்டளைகளுக்குத் தந்த பணத்துக்கு முழுக் கழிவு கிடைத்தது. கொரோனா காலத்திலும் 2019-20ஆம் ஆண்டுக் கணக்குக்கான நன்கொடைக் கெடுவை நீட்டித்தார்கள். உங்களுக்குச் சொல்லப்படும் சலுகை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. மார்ச் 31 என்பது ஆண்டுதோறும் வரும் நிதியாண்டுக் கடைசி நாள், அவ்வளவுதான்.

நன்கொடைக்குக் கழிவு தரும் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின் கீழ் சாதாரண அறக்கட்டளைக்குத் தருவதில் பாதிதான் கழியும். அதற்கும் மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு என்ற வரம்பு உண்டு. அந்த மொத்தத்தில் நீண்டகால மூலதன ஆதாயத்தை, அதாவது நீண்டகாலம் வைத்திருந்த சொத்தை விற்ற லாபத்தை, சேர்க்க முடியாது. இதைத்தான் உங்களை அவசரப்படுத்துபவர் சொல்லவில்லை. 40 லட்சம் லாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி 5 லட்சம், செஸ் தனி. உங்கள் நன்கொடை இதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது.

மிஞ்சுவது வாடகை. 8 லட்சத்தில் பத்து விழுக்காடு 80,000, அதில் பாதி 40,000. பத்து லட்சம் கொடுத்துக் கழிவது இவ்வளவே. மிச்சமாகும் வரி 8,320 ரூபாய். இதற்கும் பழைய வரி முறைக்குப் போக வேண்டும். வேறு கழிவு ஏதும் இல்லையென்றால், 2025-26க்குப் புதிய முறையில் வாடகைக்கு 20,800 கட்டுவீர்கள். பழைய முறையில் நன்கொடையைக் கழித்த பிறகும் 64,480. சலுகை கேட்கப் போய்க் கைக்காசு போகும்!

வகுப்பறை கட்டுங்கள், வரிக்காகக் கட்ட வேண்டாம். பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் கழிவே இல்லை. "ரசீது பெரிதாகத் தருகிறோம், பாதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால் ஏய்த்த வரியைப் போல இரு மடங்கு அபராதம்.

நிலத்து வரிக்கு வழி வேறு இருக்கிறது. விற்ற ஆறு மாதத்துக்குள் லாபம் 40 லட்சத்தையும் 54இசி பத்திரங்களில் (சொத்து விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு தரும் அரசு நிறுவனக் கடன் பத்திரங்கள்) போட்டால் (உச்ச வரம்பு 50 லட்சம்) மூலதன ஆதாய வரியே இல்லை. பணம் ஐந்தாண்டு முடங்கும், வட்டிக்கு வரி உண்டு. அப்படிச் செய்தால் உங்கள் வருமானம் 8 லட்சம் மட்டுமே. புதிய முறையில் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்குள்ள வரித் தள்ளுபடியால் வாடகைக்கும் வரி இராது. பத்திரம் போக மீதி 18 லட்சம். பள்ளிக்குப் பத்து அதிலிருந்தே தரலாம். ஜனவரியில் பதிந்ததால், உங்களுக்கான கெடு ஜூலை நடுப்பகுதி.